நூலகத்தில் பெரட்டு

அரசன் அன்று கொல்வான், தெய்வம் நின்று கொல்லும் என்பார்கள். நான் அரசனும் இல்லை, தெய்வமும் இல்லை. தொகுப்பூதியத்தில் வேலை பார்க்கும் ஒரு தொடக்கப்பள்ளி ஆசிரியை. ஆனாலும் நின்று கொல்வதில் எனக்கு ஒரு கைத்திறமை உண்டு. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். என் பென்சிலை உடைத்தவளின் பென்சிலை நான் அன்றைக்கே உடைத்ததில்லை. பரீட்சை வரும்வரை காத்திருப்பேன்.

எங்கள் பள்ளி கேத்திக்கும் அருவங்காட்டுக்கும் நடுவே ஒரு சரிவில் இருக்கிறது. கேரட் தோட்டத்துப் பிள்ளைகள், ஆலைக் குடியிருப்புப் பிள்ளைகள், தேயிலைத் தோட்டத்து லைன் வீடுகளிலிருந்து வரும் பிள்ளைகள் என்று மூன்று பக்கத்திலிருந்தும் வருவார்கள். அங்கே நூலகம் என்பது சத்துணவு அரிசி மூட்டைகள் கிடந்த அறை. மூட்டைகளை வேறிடத்துக்கு மாற்றிய பிறகு இரும்பு அலமாரிகளைப் போட்டு, "டீச்சர், நீங்க பாத்துக்குங்க" என்று என் தலையில் கட்டினார்கள். தற்காலிக ஆசிரியையின் தலை அதற்குத்தானே இருக்கிறது.

பிள்ளைகளை உட்கார வைத்துப் புத்தகத்தைக் கையில் கொடுத்தால் படிப்பார்கள் என்பது புத்தகம் அச்சடிப்பவர்களின் நம்பிக்கை. குளிரில் கை விறைத்துப்போன பிள்ளை பக்கத்தைத் திருப்பவே யோசிக்கும். அந்தக் கைக்கு முதலில் ஒரு வேலை கொடுக்க வேண்டும். அதனால் என் நூலக வகுப்பில் யாரும் சும்மா உட்கார்ந்ததில்லை. ஐஸ் குச்சியில் பொம்மை செய்து கதையை ஆடிக் காட்டுவார்கள். சாக்பீஸ் தூளில் மலையும் ஆறும் வரைவார்கள். கதையில் வரும் பொருளைத் துணிப்பைக்குள் போட்டு, கண்ணை மூடித் தடவிப் பார்த்து என்னவென்று சொல்வார்கள். அறை எப்போதும் சந்தைக்கடையாகத்தான் இருக்கும்.

தலைமையாசிரியர் கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர். காதை மறைக்கும் மஃப்ளர், எப்போதும் சட்டைப் பையில் சிவப்புப் பேனா. கெட்ட மனிதர் என்று ஊர் சொல்லாது, நான் சொல்வேன்.

அந்த வருடம் பிள்ளைகளை விசிறிப் புத்தகம் செய்யச் சொல்லியிருந்தேன். பழைய காலண்டர் தாளை விசிறி மாதிரி மடித்து, மடிப்புக்கு மடிப்பு தங்கள் வீட்டுக் காலை நேரத்தைக் காட்ட வேண்டும். எழுதலாம், வரையலாம், எதையாவது கொண்டுவந்து ஒட்டலாம். கேத்திப் பையன் ஒருவன் கேரட் தழையை ஒட்டினான். அது மறுநாளே வாடி நாறியது. குடியிருப்புப் பெண் ஒருத்தி ஆலைச் சங்கை வரைந்து அதன் வாயிலிருந்து கோடு கோடாகச் சத்தத்தை வரவழைத்தாள். நான்காம் வகுப்பில் லைன் வீட்டுப் பெண் ஒருத்தி இருந்தாள். வாய் ஓயாது. அவள் இரண்டு இலையும் ஒரு கொழுந்துமாக நிஜத் தேயிலையை ஒட்டி, அதற்குக் கீழே எழுதியிருந்தாள்: 'அம்மா விடியக்காலம் பெரட்டுக்குப் போவாங்க.'

பெரட்டு என்றால் என்னவென்று அந்த வீடுகளில் தொட்டில் பிள்ளைக்கும் தெரியும். விடிந்ததும் தோட்டத்தில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிட்டு, இன்றைக்கு யாருக்கு எந்த வேலை என்று பிரித்து அனுப்புவதுதான் பெரட்டு. மற்ற தோட்டங்களில் மஸ்டர் என்பார்கள். சிலோன் தோட்டங்களிலிருந்து திரும்பி வந்த குடும்பங்களில் மட்டும் இன்னும் பெரட்டுதான். எனக்கு நன்றாகத் தெரியும், ஏனென்றால் நானும் அந்த லைன் வீட்டில் பிறந்தவள். கோயம்புத்தூரில் படித்ததில் என் பேச்சில் 'ங்க' ஏறிக்கொண்டது. தலைமையாசிரியர் என்னையும் தன் ஊர்க்காரி என்றே நினைத்திருந்தார். நானும் திருத்தவில்லை.

வகுப்பைச் சுற்றிப் பார்க்க வந்த தலைமையாசிரியர் அந்தப் பெண்ணின் புத்தகத்தை எடுத்தார். விசிறியை விரித்தார். சத்தமாகப் படித்தார்.

"புரட்டுக்குப் போவாங்களா? ஏன் கண்ணு, உங்கம்மா புரட்டுப் பண்றவங்களா? அதைப் பெருமையா எழுதி வேற ஒட்டியிருக்கறே?"

வகுப்பு சிரித்தது. அவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே சிவப்புப் பேனாவைத் திறந்து 'பெ'யை அடித்துவிட்டு 'பு' என்று திருத்தினார். கீழே கையெழுத்தும் போட்டார். ஒரே ஒரு எழுத்து. அம்மா விடியக்காலம் வேலைக்கு நின்ற இடம் பித்தலாட்டம் ஆகிவிட்டது, அதுவும் அரசாங்கக் கையெழுத்தோடு.

நான் குறுக்கே போய்ச் சொன்னேன். "சார், பெரட்டுன்னா தோட்டத்துல காலையில ஆள் எடுக்கறதுங்க. புள்ள சரியாத்தான் எழுதியிருக்குது."

"அகராதியில இருக்குதுங்களா?" என்றார்.

"பேச்சுல இருக்குதுங்க."

"அதெல்லாம் சிலோன்காரங்க பாஷைங்க டீச்சர். நீங்க நூலகத்தைப் பாருங்க, தமிழை நான் பாத்துக்கறேன்."

மறுநாள் காலை பிரார்த்தனைக் கூட்டத்தில் மைக்கைப் பிடித்து, எழுத்துப்பிழை பற்றிப் பேசினார். எடுத்துக்காட்டு வேண்டுமே? பெரட்டு என்று தமிழில் ஒரு சொல்லே கிடையாது, கேட்டீர்களா என்றார். பெயர் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. எல்லாத் தலையும் அந்தப் பெண் பக்கம் திரும்பியது. அன்று மத்தியானமே பையன்கள் அவளுக்கு 'புரட்டு' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகு நூலக வகுப்பில் அவள் கை வெளியே வரவில்லை. ஸ்வெட்டர் கைக்குள் விரல்களை இழுத்துக்கொண்டு, கைநுனியை உள்ளிருந்து பிடித்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருப்பாள். பொம்மை செய்யக் கூப்பிட்டால் தலையை ஆட்டுவாள். துணிப்பையைத் தடவச் சொல்லி நீட்டினால் வாங்க மாட்டாள்.  வாய் ஓயாத பெண் வாயை மூடியதும், அந்த அறையே பாதி காலியானது மாதிரி இருந்தது எனக்கு.

ஒரு மத்தியானம் அவளுடைய அம்மா வந்தாள். தோட்டத்திலிருந்து நேராக, இடுப்பில் கட்டிய சாக்குப் படுதாவோடு. செருப்பை வெளியே விட்டுவிட்டு, அறைக்குள் வராமல் நிலைப்படியிலேயே நின்றாள்.

"டீச்சர், புள்ள வீட்டுல பேச மாட்டேங்குது. என்னையப் பெரட்டுக்குப் போகாதேங்குது. வேற வேலைக்குப் போம்மாங்குது. நாங்க பெரட்டுக்குப் போறத எழுதுனது தப்பா டீச்சர்?"

"தப்பில்லக்கா. வாங்க, சார்கிட்ட வந்து நீங்களே கேளுங்க. நான் கூட நிக்கிறேன்."

"ஐயோ, வேணாம். பெரியவங்க. புள்ளைக்கு எதாச்சும் வந்திரும்."

அவள் போய்விட்டாள்.  தலைமையாசிரியர் என்னைத் திட்டியிருந்தால்கூட ஒரு டீயோடு மறந்திருப்பேன். அந்த அம்மாவைத் தன் வேலையைச் சொல்லவே கூச வைத்துவிட்டாரே என்பதுதான் ஆறவில்லை. அன்று வீட்டுக்கு நடக்கும்போது முடிவு செய்தேன். இந்த ஆள் வாயாலேயே பெரட்டு என்று சொல்ல வைப்பேன். எந்தப் பள்ளிக்கூடத்தில் மைக்கைப் பிடித்து இல்லை என்றாரோ அங்கேயே, எல்லார் முன்னாலும். சொல்ல வைத்த பிறகு, வரிசையிலும் நிறுத்துவேன். அவர் செய்த கேலியை அவருக்கே திருப்பிக் கொடுக்காமல் விட்டால் நான் எங்கம்மாவுக்குப் பிறந்தவள் இல்லை.

அடுத்த வாரம் நூலகத்தில் பெரட்டு ஆட்டம் தொடங்கியது.

ஆட்டம் இதுதான். பிள்ளைகள் வரிசையில் நிற்க வேண்டும். ஒரு பிள்ளை கங்காணி, அதாவது மேற்பார்வை. கங்காணி பேர் கூப்பிட்டு ஒவ்வொருவரையும் ஒரு மலைக்கு அனுப்பும். தோட்டத்தில் வேலை நடக்கும் இடத்தை மலை என்போம்; எங்கள் ஆட்டத்தில் அலமாரித் தட்டுகள்தான் மலை. கதை மலை, மிருக மலை, பாட்டு மலை, தேச மலை. நெற்றியில் பட்டியை மாட்டித் துணிப்பையை முதுகில் தொங்கவிட்டுக்கொண்டு போய்க் கொழுந்து பறித்து வர வேண்டும். இரண்டு இலை ஒரு கொழுந்து என்றால் இரண்டு கதைப் புத்தகமும் ஒரு பொது அறிவுப் புத்தகமும். கையில் கிடைத்ததை அள்ளிப் போட்டு வந்தால் அது முற்றல் இலை. நிறுக்கிற இடத்தில் கங்காணி கழித்துவிடும். கழித்தது போக, பறித்ததில் ஒன்றைப் பற்றி இரண்டு வாக்கியம் சொன்னால் முழுப்பேர். குறைந்தால் அரைப்பேர். பேர் என்றால் தோட்டத்தில் ஒரு நாள் வேலை. பறித்தது குறைந்தால் நாள் முழுக்க நின்றிருந்தாலும் அரைநாள் கூலிதான், அதுதான் அரைப்பேர்.

முதல் நாள் நான் வேண்டுமென்றே தப்பாக நடத்தினேன். வரிசை நிற்கும் முன்பே மலையைப் பிரித்தேன். பேர் கூப்பிடவே இல்லை. பையை நெற்றியில் மாட்டாமல் தோளில் மாட்டச் சொன்னேன். சுவரோரம் உட்கார்ந்திருந்தவள் முதலில் என்னைப் பார்த்தாள். பிறகு முறைத்தாள். கடைசியில் பொறுக்க முடியவில்லை.

"அப்படி இல்ல டீச்சர்! பெரட்டுல முதல்ல பேரு கூப்பிடணும். பேரு கூப்பிடாம மலைக்குப் போனா யாரு பேரு போடுவா?"

"எனக்கென்னம்மா தெரியும்? நீ வந்து காட்டு" என்றேன்.

வந்தாள். பையைப் பிடுங்கிப் பட்டியை நெற்றியில் சரியாக வைத்துக் காட்டினாள். விரல்கள் ஸ்வெட்டரை விட்டு எப்போது வந்தன என்று அவளுக்கே தெரியாது. எனக்குத் தெரியும். அன்றைக்கே அவளைக் கங்காணியாக்கி, 'புரட்டு' என்று பெயர் வைத்த பையன்களில் ஒருவனைத் தேச மலைக்கு அனுப்ப வைத்தேன். அங்கேதான் தூசி தட்டாத தடித்தடியான அட்லஸ்கள் இருந்தன. தும்மித் தும்மி அவன் மூக்கு கேரட் நிறத்துக்கு வந்துவிட்டது. சின்னப் பழிதான், ஆனால் பசிக்கு முறுக்கு மாதிரி உதவியது.

ஆட்டம் பற்றிக்கொண்டது. மற்ற வகுப்புப் பிள்ளைகள் எங்களுக்கு எப்போது பெரட்டு என்று கேட்க ஆரம்பித்தார்கள். வீட்டில் படகா பேசும் பிள்ளைகள், கன்னடம் பேசும் பிள்ளைகள், ஆலைக் குடியிருப்புப் பிள்ளைகள் எல்லாரும் கங்காணிகளாகிவிட்டார்கள். முன்பு தொடாத தட்டுகளையெல்லாம் பறித்தார்கள். இரண்டு வாக்கியம் சொல்ல வேண்டுமே, அதற்காகவாவது படித்தார்கள். ஒரு காலை ஒன்றாம் வகுப்புக் குட்டி ஒன்று தலைமையாசிரியர் அறை வாசலில் நின்று, "சார், பெரட்டுக்கு மணி அடிக்கலாங்களா?" என்று கேட்டது. பிரார்த்தனைக் கூட்டத்தைத்தான் சொன்னது. அவர் வேப்பெண்ணெய் குடித்தவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார். எனக்கு வயிற்றில் பால் வார்த்தது போல் இருந்தது.

அவர் சொல்லவில்லை, இன்னும். நான் காத்திருந்தேன்.

வட்டாரக் கல்வி அலுவலர் நூலகங்களைப் பார்வையிட வருகிறார் என்று தகவல் வந்தது. தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டார்.

"ஏனுங்க டீச்சர், மேடம் வர்றப்போ அந்தச் சிலோன் ஆட்டமெல்லாம் வேண்டாமுங்க. அமைதியா ஒரு கதை சொல்லுங்க, போதும்."

"சரிங்க சார்" என்றேன். இத்தனை பணிவாக நான் யாருக்கும் சரி சொன்னதில்லை. நான் ஆட்டத்தை ஆட வேண்டியதே இல்லை. பிள்ளைகளின் வாய்க்கு அவர் பூட்டுப் போட முடியாது என்று எனக்குத் தெரியும்.

அலுவலர் வந்தார். நடுவயதுப் பெண், மழையில் நனைந்த குடையை வாசலில் விரித்து வைத்துவிட்டு உள்ளே வந்தார். நான் சொன்னபடி அமைதியாக ஒரு கதை சொன்னேன். அது முடிந்ததும் அவர் பிள்ளைகளைப் பார்த்து, "நூலகத்துல உங்களுக்கு ரொம்பப் பிடிச்சது என்ன?" என்று கேட்டார்.

"பெரட்டு!" என்று கூரை அதிரக் கத்தினார்கள்.

"பெரட்டா? அப்படின்னா?" அவர் தலைமையாசிரியர் பக்கம் திரும்பினார்.

நான் மேசையில் இருந்த புத்தகத்தை அடுக்க ஆரம்பித்தேன். உதவ வரப்போவதில்லை என்பதைத் தலைமையாசிரியருக்குத் தெரியப்படுத்த வேண்டுமே. அவர் என்னைப் பார்த்தார், அலுவலரைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார்.

"அது வந்துங்க மேடம்... பெரட்டுன்னா, தோட்டத்துல காலையில ஆள் எடுக்கறதுங்க. உள்ளூர்ச் சொல்லுங்க. அதை வெச்சு நம்ம ஸ்கூல்ல ஒரு செயல்பாடு... நானே யோசிச்சதுங்க."

சொல்லிவிட்டார். பெரட்டு. 'பெ'யில் எந்தத் தடங்கலும் இல்லாமல், தெளிவாக. கூடவே என் ஆட்டத்தையும் திருடிக்கொண்டார். திருடட்டும், புரட்டு என்றால் என்ன என்பதற்கு இனி எடுத்துக்காட்டுத் தேட வேண்டாம். சுவரோரம் இருந்தவளைப் பார்த்தேன். அவள் வாய் பிளந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்லா இருக்கே! ஆடிக் காட்டுங்க" என்றார் அலுவலர். "சாரும் ஆடட்டும், அவர் யோசிச்சதுதானே."

அன்றைக்குக் கங்காணி முறை வேறொரு பிள்ளையுடையது. கொஞ்சமும் கூச்சமில்லாமல் முறையை மாற்றினேன். அந்தப் பெண்ணைக் கூப்பிட்டுக் கங்காணியாக நிறுத்தினேன். தலைமையாசிரியர் நான்காம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நடுவே வரிசையில் நின்றார். மஃப்ளருக்கு மேல் பட்டியை மாட்டிக்கொண்டார். அவள் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட முடியாமல், "சார்" என்றாள். "ஆஜர்" என்றார். வகுப்பு குலுங்கியது. அவரைப் பாட்டு மலைக்கு அனுப்பினாள்.

ஆட்டத்தை யோசித்தவருக்கு விதி தெரியவில்லை. போனார், முதலில் கையில் பட்ட தடித்த புத்தகங்களாகப் பார்த்துப் பை நிறைய அடைத்துக்கொண்டு வந்தார். நிறுக்கிற இடத்தில் அவள் ஒவ்வொன்றாக வெளியே எடுத்தாள். முற்றல். முற்றல். அதுவும் முற்றல். பிள்ளைகள் எண்ணிக்கொண்டே வந்தார்கள். கடைசியில் பையில் ஒரே ஒரு சின்னப் பாட்டுப் புத்தகம் மிஞ்சியது. அதைப் பற்றி இரண்டு வாக்கியம் சொல்லச் சொன்னாள். அவர் அட்டையைப் பார்த்தார், புரட்டினார், "நல்ல புத்தகம்" என்றார். இன்னொரு வாக்கியம் வரவில்லை.

எனக்கு உடம்பெல்லாம் காது. இதற்காகத்தான் இத்தனை நாள். யார் அம்மாவைப் பித்தலாட்டக்காரி என்றாரோ, அந்தப் பெண் இப்போது தீர்ப்புச் சொல்லப் போகிறாள். அலுவலர் முன்னால், மொத்த வகுப்பின் முன்னால், அவருக்கு அரைப்பேர். நான் எழுதி வைத்திருந்தால்கூட இவ்வளவு அழகாக அமைந்திருக்காது.

அவள் பைக்குள் ஒரு முறை பார்த்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள். நெற்றியில் பட்டி அழுத்திய கோடு சிவந்திருந்தது.

"முழுப்பேர்" என்றாள்.

"ஏய், அரைப்பேர்! அரைப்பேர்தான்!" என்று பிள்ளைகள் கூச்சலிட்டார்கள். தேச மலையில் தும்மிய பையன் எழுந்து நின்று நியாயம் கேட்டான்.

"கங்காணி சொன்னா சொன்னதுதான். உக்காரு" என்றாள்.

தலைமையாசிரியர் பல்லெல்லாம் தெரியச் சிரித்து, "பாத்தீங்களா மேடம்" என்றார். அலுவலர் கை தட்டினார். எனக்கு வந்த ஆத்திரத்தில் மேசையில் அடுக்கிய புத்தகங்கள் சரிந்தன. இந்தப் பெண்ணுக்காகத்தானே இவ்வளவும் செய்தேன்! வாய்க்கு வந்த சோற்றைத் தட்டிவிட்டாளே!

எல்லாரும் டீ குடிக்கப் போன பிறகு, கழித்த புத்தகங்களை அவள் திரும்பத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் நின்றேன்.

"ஏன்டி முழுப்பேர் போட்டே? பையில ஒண்ணுமே இல்லையே?"

"ஆமா டீச்சர், ஒண்ணுமே இல்ல."

"அப்புறம்?"

புத்தகத்தின் முதுகை ஸ்வெட்டர் கையால் துடைத்துவிட்டு அடுக்கினாள். "அரைப்பேர் விழுந்தா எங்கம்மா அன்னைக்குச் சோறு திங்காது டீச்சர். படுத்துக்கும். கேட்டா வயிறு சரியில்லங்கும். நான் யாருக்கும் அரைப்பேர் போட மாட்டேன்."

யோசித்துப் பார்த்தேன். அவள் கங்காணியாக நின்ற நாட்களில் ஒரு பிள்ளைக்கும் அரைப்பேர் விழுந்ததில்லை. அட்லஸ் பையனுக்குக்கூட. நான் கவனிக்கவே இல்லை. என் கவனமெல்லாம் வேறொரு ஆள் மேல் இருந்தது.

 அவள் தலையைத் தடவிவிட்டு டீ குடிக்கப் போனேன். அங்கே தலைமையாசிரியர் மேடத்துக்குத் தன் அடுத்த யோசனையை விளக்கிக்கொண்டிருந்தார். அது அவளுடைய மனசு, அவள் போட்ட பேர், அதில் நான் கை வைக்க முடியாது. என் கையில் இருந்திருந்தால் அந்த மனிதருக்குக் கால்பேர்கூடப் போட்டிருக்க மாட்டேன்.